மூணடி வராந்தாவுக்கு 2131 டிசைன்: ஒரு டைல் கணக்கு முழுசா

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு எஸ்டேட் கோயில். ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிட்டு செம்பனை போட்ட பிறகு லயத்து ஜனங்க நிறைய பேரு தாமானுக்கு, அதாவது வெளியில இருக்கிற குடியிருப்புக்குக் குடிமாறிட்டாங்க, ஆனா கோயில மட்டும் விடல, திருவிழான்னா எங்க இருந்தாலும் வந்து நின்னுடுவாங்க. அந்தக் கோயில்ல மடப்பள்ளியிலேர்ந்து மண்டபத்துக்குப் போற வராந்தாவுல சிமெண்ட் தரை வெடிச்சுப் போச்சு, டைல் போடலாம்னு கமிட்டியில முடிவாச்சு. வராந்தா 90 சென்டிமீட்டர் அகலம், 360 நீளம். டைல் 30க்கு 60. நம்ம பேச்சுல சொன்னா 3 அடிக்கு 12 அடி இடம், ஓரடிக்கு ரெண்டடி டைல், வெட்டாம போட்டா சரியா 18 டைல்.

கேஸ் எங்க ஆரம்பிச்சதுன்னா, கமிட்டி தலைவர் டைல் போடுற அண்ணன்கிட்ட "எத்தனை மாடல் இருக்கோ எல்லாத்தையும் வரைஞ்சு கொண்டாப்பா, பார்த்துட்டுச் சொல்றோம்"னு சொல்லிட்டார். அண்ணன் நேரா சனிக்கிழமை மண்டபத்துல நான் கணக்கு சொல்லிக்குடுக்கிற பிள்ளைங்ககிட்ட வந்து நின்னாரு. இடைநிலைப் பள்ளியில படிவம் 4, படிவம் 5 பிள்ளைங்க, பல்கலைக்கழகத்துக்கு முந்தின எஸ்.டி.பி.எம். படிக்கிற ரெண்டு மூணு பேரு. "டீச்சர், உங்க பிள்ளைங்கள வரைஞ்சு தரச் சொல்லுங்க. ஆனா ரெண்டு விஷயம். டைல வெட்டக் கூடாது. இந்தப் பக்கத்துச் சுவர்லேர்ந்து அந்தப் பக்கத்துச் சுவர் வரைக்கும் நேரா ஓடுற ஜாயிண்ட் ஒண்ணும் வேணாம், குறுக்கயும் வேணாம் நீளத்துலயும் வேணாம், கீழ தரை அசைஞ்சா அந்தக் கோட்டுலதான் விட்டுக்கும்." இதுதான் கேள்வி. இதுக்குள்ள எவ்ளோ கணக்கு ஒளிஞ்சிருக்குன்னு அப்ப அண்ணனுக்கும் தெரியாது தலைவருக்கும் தெரியாது.

மூணடிக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டடி அகலத்த முதல்ல பார்க்கச் சொன்னேன், ஏன்னா அது தமிழ் படிச்ச பிள்ளைங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச கணக்கு. ரெண்டடி அகலத்துல ஒரு டைல நிறுத்தி வச்சா ஓரடி நீளம் போகும், படுக்க வச்சா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஜோடியாத்தான் வரும், ரெண்டடி போகும். குறில் 1 மாத்திரை, நெடில் 2 மாத்திரை, அவ்வளவுதான். 12 அடிக்கு எத்தனை விதம்னு கேக்குறதும் 12 மாத்திரைக்கு எத்தனை விதமா குறில் நெடில் அடுக்கலாம்னு கேக்குறதும் ஒரே கேள்வி. கடைசி எழுத்து குறில்னா முன்னாடி 11 மாத்திரை, நெடில்னா முன்னாடி 10 மாத்திரை, அதனால முந்தின ரெண்டையும் கூட்டணும்: 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144, 233. ஃபிபொனாச்சி 1202ல இத முயல் கணக்கா எழுதுறதுக்கு முன்னாடியே விரஹாங்கரும், 1150 வாக்கில ஹேமசந்திரரும் சமஸ்கிருத, பிராகிருத யாப்புக்காக இதே கணக்க இதே மாத்திரை வழியில சொல்லிட்டாங்க. பிள்ளைங்களுக்கு நான் இத அழுத்திச் சொன்னதுக்குக் காரணம் பெருமை இல்ல, இதுல ஒரு முறை இருக்கு: தரைய எண்ணாம தரைக்கு ஒரு சொல் எழுதி அந்தச் சொல்ல எண்றது. ஃபார்மல் லேங்குவேஜ் தியரி, அதாவது விதி போட்டு அடுக்கின எழுத்து வரிசைகளப் பத்தின கணக்குத் துறை, இந்த வேலையில செய்றது அதுதான்.

இப்ப மூணடி அகலம். 2 அடி நீளத்துக்கு 3 விதம், இதுல யாருக்கும் தகராறு இல்ல: மூணு டைலும் படுக்கை, இல்லன்னா மேல ரெண்டு வரிசைய அடைச்சு ரெண்டு டைல் நின்னு கீழ ஒண்ணு படுக்கை, இல்லன்னா அதையே தலைகீழா. 6 அடிக்கு எத்தனைன்னு கேட்டேன். ஒரு பொண்ணு 27னு சொல்லுச்சு: மூணு பெட்டி, ஒவ்வொண்ணுலயும் 3 விதம், 3×3×3. ஒரு பையன் 66ங்குறான். அவன் 4 அடிக்கு 11 விதம்னு ஒண்ணு விடாம வரைஞ்சு பார்த்திருக்கான், அது சரிதான், அதுக்கப்புறம் முதல்ல 2 அடி போட்டா மிச்சம் 4 அடி, 3×11=33, முதல்ல 4 அடி போட்டா மிச்சம் 2 அடி, 11×3=33, கூட்டினா 66ன்னு கணக்கு போட்டுட்டான். ரெண்டு பேரும் சும்மா அடிச்சு விடல, ரெண்டு பேருகிட்டயும் காரணம் இருந்துச்சு, அதனாலதான் இந்த இடத்துல நான் அவசரப்படல.

27ல என்ன குறைன்னா, ரெண்டடிக் கோட்டத் தாண்டிப் படுத்திருக்கிற டைல் உள்ள டிசைன் எல்லாம் விட்டுப் போச்சு. 66ல என்ன குறைன்னா, மூணு ரெண்டடிப் பெட்டியா பிரியுற டிசைன் ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை வந்துடுச்சு, ஒரு தடவை 2+4ன்னு, இன்னொரு தடவை 4+2ன்னு. அப்படி ரெண்டு தடவை வந்தது எத்தனைன்னு பார்த்தா அந்தப் பொண்ணு சொன்ன அதே 27! 66லேர்ந்து 27 கழிச்சா 39. அதுக்கும் மேல ரெண்டு டிசைன் இருக்கு, 6 அடியிலயும் நடுவுல எங்கயும் குறுக்கால பிரியாதது, அது ரெண்டு பேரு கணக்குலயும் வரல. 39+2=41. சரியான விடை 41. ஒருத்தர் விட்டதையும் இன்னொருத்தர் ரெண்டு தடவை எண்ணுனதையும் சேர்த்து வச்சுப் பார்த்தப்பதான் பிள்ளைங்களுக்கு விஷயம் புடிபட்டுச்சு: ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரே ஒரு பேரு இருக்கணும், ஒவ்வொரு பேருக்கும் ஒரே ஒரு டிசைன் இருக்கணும், இது உறுதியாகாத வரைக்கும் எந்த எண்ணிக்கையையும் நம்பக் கூடாது.

பேரு எப்படி வைக்கிறது? தரையில எங்கெல்லாம் குறுக்கால சுவர்லேர்ந்து சுவருக்கு முழு ஜாயிண்ட் ஓடுதோ அங்கெல்லாம் வெட்டிடு. மிச்சம் வர்ற துண்டு இனிமே பிரியாத துண்டு. அந்தத் துண்டு என்ன மாதிரியெல்லாம் இருக்க முடியும்னு பார்த்தா ரொம்ப கொஞ்சம்தான். மூணும் படுக்கையா இருக்கிற ரெண்டடித் துண்டு, அதுக்கு ப. அடுத்தது, மேல ரெண்டு வரிசையில ஒரு டைல் நின்னுக்கிட்டு ஆரம்பிக்கும், கீழ் வரிசை டைல் ஓரடி நீட்டிக்கிட்டு இருக்கும், இந்த ஆரம்பத்துக்கு தி. உடனே இன்னொரு டைல் மேல நின்னா துண்டு முடிஞ்சது, அதுக்கு மு. நிக்காம மேல ரெண்டும் படுத்தா கீழ் வரிசையிலயும் படுத்தாகணும், வேற வழி கிடையாது, ரெண்டடி தள்ளி மறுபடியும் அதே நிலைமைக்கு வந்து நிப்போம், இந்த ரெண்டடிக்கு நி. அதனால தி, நடுவுல எத்தனை நி வேணும்னாலும், கடைசியில மு. இதையே மேல கீழ திருப்பிப் போட்டா தீ, நீ, மூ. மொத்த மொழியும், அதாவது எல்லா டிசைனோட பேரும், இந்த ஒரு வரிக்குள்ள வந்துடுது:

( ப | தி நி* மு | தீ நீ* மூ )*

நட்சத்திரக் குறிக்கு அர்த்தம் அது ஒண்ணும் இல்லாமயும் வரலாம், எத்தனை தடவை வேணும்னாலும் வரலாம்ங்குறது. இந்த மாதிரி எழுதுறதுக்குப் பேரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், ஸ்டீபன் க்ளேனி 1956ல அச்சான கட்டுரையில போட்ட அஸ்திவாரம். இதுல பேரு ரெண்டாகுமான்னு சோதிச்சுப் பார்த்தோம்: ஒருத்தர் சொல்ல வாசிக்க இன்னொருத்தர் மாஜோங் பேப்பர்ங்குற பெரிய தாள்ல டைல் வரைஞ்சாங்க, அப்புறம் வரைஞ்சத மூணாவது ஆளு இடமிருந்து வலமா பார்த்து மறுபடி சொல்லா எழுதினாங்க, எப்பவும் அதே சொல்லுதான் திரும்பி வந்துச்சு. வராம எங்க போகும், ஒவ்வொரு இடத்துலயும் அடுத்த டைலப் பார்த்தவுடனே எந்த எழுத்துன்னு முடிவாயிடுது, ரெண்டு விதமா வாசிக்க இடமே இல்ல.

இதே விஷயத்த இன்னொரு பக்கத்துலேர்ந்து பார்க்கலாம், கை கணக்குக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஒவ்வொரு அடியிலயும் குறுக்கால ஒரு கோடு போடு. எந்த வரிசையில டைல் கோட்டத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கோ அங்க 1, இல்லன்னா 0. மூணு வரிசைக்கு மூணு இலக்கம், 000லேர்ந்து 111 வரைக்கும் 8 நிலை. 000லேர்ந்து 111க்குப் போகலாம், 001க்குப் போகலாம், 100க்குப் போகலாம். 111லேர்ந்து 000க்கு மட்டும்தான். 001லேர்ந்து ஒரு டைல நிறுத்தினா 000, ரெண்டு படுத்தா 110. 110லேர்ந்து 001க்குத்தான் திரும்பணும். 100க்கும் 011க்கும் இதே கதை. மிச்சம் 010, 101 ரெண்டும் வரவே வராது, ஏன்னா 010க்கு 101லேர்ந்துதான் வர முடியும், 101க்கு 010லேர்ந்துதான் வர முடியும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கதவத் திறந்துவிடும், ஆனா வெளியிலேர்ந்து ரெண்டுக்குமே வழி இல்ல. ஆக 6 நிலைதான் புழக்கத்துல. இதுதான் ஃபைனைட் ஆட்டோமேட்டன்: 000ல ஆரம்பிச்சு 12 அடி நடந்து மறுபடி 000ல வந்து நிக்கிற பாதை எத்தனையோ அத்தனை டிசைன்.

பிள்ளைங்க மாஜோங் பேப்பர ரெண்டா மடிச்சு 6 நிலைக்கும் கட்டம் போட்டு ஒவ்வொரு அடிக்கும் முந்தின வரிசையிலேர்ந்து கூட்டிக்கிட்டே வந்தாங்க. பெருக்கலே கிடையாது, கூட்டல் மட்டும்தான். 000 கட்டத்துல ஒத்தப்படை அடியில எப்பவும் 0, ரெட்டைப்படையில 3, 11, 41, 153, 571, பன்னிரண்டாவது அடியில 2131. ஒத்தப்படையில 0 ஏன்னு சின்னப் பிள்ளைகூட சொல்லிடும், 3×11 வராந்தாவுல 33 கட்டம், ஒரு டைல் ரெண்டு கட்டம், எப்படிச் சேரும்? கோயில்ல அந்தப் பக்கத்து நடை 11 அடிதான், அங்க ஒரு டைல வெட்டிப் பாதிய வச்சே ஆகணும். பாதி டைல் இந்த மூலையிலதான்னு ஒரு மூலையச் சொல்லிட்டா 780 விதம். அதுக்குத் தனியா கணக்கு போடத் தேவையே இல்ல, அதே அட்டவணையில பதினொண்ணாவது அடியில 001 கட்டத்துல அந்த 780 உக்காந்திருக்கு.

எழுதின மொழியிலேர்ந்து நேரா சூத்திரத்துக்கும் போயிடலாம். ரெண்டடிக்கு ஒரு ய போடு. 'அல்லது' வர்ற இடத்துல கூட்டல், பக்கத்துல பக்கத்துல வந்தா பெருக்கல், நட்சத்திரம் வந்தா 'ஒண்ணுலேர்ந்து அதைக் கழிச்சு, அதால ஒண்ண வகு'. மொத்தமும் சுருங்கி (1 − ய) / (1 − 4ய + ய²) ஆகுது. இத விரிச்சா ய, ய², ய³ முன்னாடி வர்ற எண்தான் 2, 4, 6 அடிக்கான எண்ணிக்கை, இந்த மாதிரி கோவைக்குப் பேரு ஜெனரேட்டிங் ஃபங்ஷன். ரெகுலர் எக்ஸ்பிரஷனால எழுத முடியுற, பேரு குழப்பம் இல்லாத ரெகுலர் மொழிக்கு எப்பவும் இப்படி பின்னமாத்தான் அது வரும், சாம்ஸ்கியும் ஷூட்சன்பெர்ஜேயும் 1963ல எழுதின கட்டுரை இத மொழிகளோட பெரிய குடும்பத்துக்கே விரிச்சுக் காட்டுச்சு. கீழ இருக்கிற 4ம் 1ம் சொல்றது என்னன்னா, முந்தினத நாலால பெருக்கி அதுக்கும் முந்தினதக் கழி: 4×571 − 153 = 2131. படிவம் 4 பையன் ஒருத்தன் "எண்றதுல எதுக்கு டீச்சர் கழித்தல்?"னு கேட்டான், ரொம்ப நல்ல கேள்வி. முதல் துண்டு ரெண்டடின்னா 3 விதம், நாலடின்னா 2, ஆறடின்னா 2, எட்டடின்னாலும் 2, இப்படி நீண்டுக்கிட்டே போற கூட்டல எழுதிட்டு, ரெண்டடி குறைஞ்ச தரைக்கும் அதே மாதிரி எழுதி ஒண்ணுலேர்ந்து ஒண்ணக் கழிச்சா அந்த நீளமான வால் அறுந்து விழுந்துடுது. மைனஸ் வந்தது அந்தக் கழித்தல்லேர்ந்துதான்.

2131ன்னு சொன்னதும் தலைவர் படம் கேக்குறத விட்டுட்டார். அண்ணன் விடல. "சரி, நான் சொன்ன மாதிரி ஜாயிண்ட் ஓடாதது எத்தனை?" இதுக்கு மொழியே பதில் சொல்லிடுச்சு. குறுக்கு ஜாயிண்ட் வேணாம்னா மொத்தத் தரையும் ஒரே துண்டா இருக்கணும், அதாவது வெளியில இருக்கிற நட்சத்திரத்த எடுத்துடணும். 12 அடிக்கு மிச்சம் ரெண்டே சொல்லு: தி நி நி நி நி நி மு, அப்புறம் அதோட தலைகீழ். அதை வரைஞ்சு பார்த்தா கீழ் வரிசை முழுக்க ஆறு டைலும் வரிசையா படுக்கை, அதுக்கு மேல 12 அடிக்கும் ஒரே கோடு நேரா ஓடுது. குறுக்க இல்லன்னா நீளத்துல இருக்கு. 2131ல ஒண்ணுகூட அண்ணன் நிபந்தனைக்கு ஒத்து வராது, 12 அடி இல்ல, 1200 அடியானாலும் மூணடி அகலத்துல வராது. அண்ணன் நம்பல. டைல எடுத்து வச்சுப் பார்த்தாரு, கோயில் வாசல்லயே உக்காந்து மாத்தி மாத்தி வச்சாரு, அப்புறம் "முடியாதுலா, தங்கச்சி சொல்றது சரிதான்"ன்னாரு. அந்தத் தங்கச்சி 27 சொன்ன அதே பொண்ணு.

முடியாதுன்னு நிரூபிக்கிறது ஒரு விடை. இத நான் பிள்ளைங்களுக்குத் திரும்பத் திரும்ப சொல்றேன், ஏன்னா பரிட்சையில எல்லாம் விடை இருக்கிற கேள்விதான் வருது. எந்தக் கோடும் முழுசா ஓடாத டைல் டிசைன் வேணும்னா ரெண்டு பக்கமும் குறைஞ்சது 5 இருக்கணும், பரப்பு ரெட்டைப்படையா இருக்கணும், அப்படி இருந்தும் 6×6க்கு மட்டும் வராது. ஏன்னா 6×6ல உள்ள ஓடுற கோடு 10, ஒவ்வொரு கோட்டையும் மறிக்கிற டைல் ரெட்டைப்படையாத்தான் வரும், குறைஞ்சது 2, ஒரு டைல் ஒரு கோட்டத்தான் மறிக்கும், ஆக 20 டைல் வேணும், தரையில இருக்கிறதோ 18தான்.

அண்ணன் நிபந்தனைய மாத்துனாரு. "அப்ப பிளஸ் விழாம பாருங்க. நாலு மூலை ஒரே இடத்துல சேர்ந்தா லெவல் இத்துனூண்டு தப்பினாலும் கண்ணுல அடிக்கும், கால்லயும் தட்டும்." இது இன்னும் அழகான கேள்வி. துண்டுக்குள்ள பார்த்தா, நி ரெண்டு தடவை வந்தாலே மேல ரெண்டு வரிசையும் சேர்ற இடத்துல பிளஸ் விழுந்துடுது, அதனால நி ஒண்ணு வரலாம் இல்ல வராமயே இருக்கலாம். துண்டும் துண்டும் சேர்ற இடத்துல பார்த்தா, ப பக்கத்துல எது வந்தாலும் பிளஸ், மேல்நின்ன துண்டுக்குப் பக்கத்துல இன்னொரு மேல்நின்ன துண்டு வந்தாலும் பிளஸ், கீழ்நின்னதுக்கும் அப்படியே. மேல் துண்டும் கீழ் துண்டும் மாறி மாறி வந்தா மட்டும்தான் தப்பிக்கும். ஆக 12 அடிக்கு ப வரவே வராது, மேல கீழ மாறி மாறி வரணும், ஒவ்வொரு துண்டும் ரெண்டடி இல்லன்னா நாலடி. ரெண்டடியக் குறில்னு வை, நாலடிய நெடில்னு வை, 12 அடிக்கு 6 மாத்திரை, 6 மாத்திரைக்கு 13 விதம்! மேல ஆரம்பிச்சா 13, கீழ ஆரம்பிச்சா 13, மொத்தம் 26. ரெண்டடி அகலத்துக்குப் போட்ட வரிசை மூணடி அகலத்துக்குள்ளயிருந்து எழுந்து வந்தப்ப பிள்ளைங்க கத்துன கத்து ஐயர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்துச்சு, எனக்கும் உடம்பு சிலிர்த்துப் போச்சு.

13 படத்தையும் ஒரே தாள்ல வரைஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் கீழ குறில் நெடில் எழுதி, இதையே மேல கீழ மாத்தி வரைஞ்சா இன்னொரு 13ன்னு குறிப்பும் போட்டுத் தலைவர்கிட்ட குடுத்தாங்க. கமிட்டியில குறில் நெடில் குறில் நெடில எடுத்தாங்க: 3 டைல், 6 டைல், 3 டைல், 6 டைல், மொத்தம் 18, வெட்டுன டைல் ஒண்ணுகூட இல்ல, பிளஸ் ஒண்ணுகூட இல்ல.

இந்த முறை எங்க வரைக்கும் போகும்னும் சொல்லணும். அகலம் இவ்ளோன்னு நிலையா நின்னா, நீளம் எவ்ளோ ஆனாலும், டைல் என்ன வடிவமானாலும், நிலைகள் ஒரு அளவுக்குள்ள அடங்கிடும், மொழி ரெகுலர்தான். நாலடி அகலத்துக்கு 1, 5, 11, 36, 95, 281ன்னு போகுது, அதுக்கும் இப்படி ஒரு சூத்திரம் இருக்கு, கொஞ்சம் நீளம். அகலம் ஒரு அடி கூடினா எழுதிப் பார்க்க வேண்டிய நிலை ரெண்டு மடங்காகும். 8×8 செஸ் பலகைக்கு 1,29,88,816. எந்தச் செவ்வகத்துக்கும் டாமினோ கணக்க, அதாவது இந்த ஒண்ணுக்கு ரெண்டு டைல் கணக்க, ஒரே சூத்திரத்துல 1961ல காஸ்டெலைனும், தனியா டெம்பர்லியும் ஃபிஷரும் கண்டுபிடிச்சாங்க, அது வேற வழி. ஆனா ரெண்டு பக்கமும் எல்லை இல்லாம விட்டுட்டா மொத்தக் கதையும் மாறிடும்: ஓரத்துல நிறம் பூசின சதுர டைல் சில வகையக் குடுத்து இதால முழுத் தளத்தையும் நிரப்ப முடியுமான்னு ஹாவ் வாங் 1961ல ஒரு கேள்வி எழுப்பினாரு, எல்லாத்துக்கும் பொதுவா பதில் சொல்ற ஒரு வழிமுறை இருக்கவே முடியாதுன்னு 1966ல ராபர்ட் பெர்கர் நிரூபிச்சாரு.

நம்ம ஊரு வாசல்ல போடுற கோலத்தையும் இந்தத் துறைக்காரங்க விட்டு வைக்கல. தாம்பரத்துல சென்னை கிறித்துவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974லயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டாங்க, எழுத்து வரிசைக்குப் பதிலா கட்டம் கட்டமா வளர்ற மொழி. நல்ல நாள்ல இந்தக் கோயில் வாசல்ல புள்ளி வைக்கிற பொண்ணுங்களே இப்ப அத எடுத்துப் படிக்க ஆரம்பிச்சிருக்காங்க.

அடுத்து மண்டபத்து முன்னால இருக்கிற திண்ணை, 5 அடிக்கு 6 அடி, 15 டைல். ஒரு கோடும் ஓடாத டிசைன் வர்றதுலயே சின்ன செவ்வகம் அதுதான், அண்ணனோட பழைய நிபந்தனை அங்க நடக்கும். 5 வரிசைக்கு 32 நிலை வரைக்கும் எழுதிப் பார்க்கணும், அதுல எது எது உண்மையிலேயே புழக்கத்துல வரும்னு மாஜோங் பேப்பர்ல பாதி முடிச்சிருக்காங்க. எந்தக் கோட்ட இதுவரைக்கும் டைல் மறிச்சாச்சு, எது இன்னும் மறிக்கலன்னும் நிலைக்குள்ளயே சேர்த்து எழுதணும்னு 66 சொன்ன பையன் தானாவே சொன்னான், அது சரியான வழி.